விசிறிக் கூடுகள்

பதினொரு குழி.
சுட்டுவிரலால் நான் போட்டவை,
ஒரு கணு ஆழம், ஒரு சாண் இடைவெளி.
விடியப் பார்த்தால்
அதே பதினொன்று, அதே இடைவெளி,
பயிற்றை விதை மட்டும் இல்லை.
தோலை உரித்து ஓரமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறது.
நல்ல வளர்ப்பு.

புளூமென்டல் வீதிக்குப் பின்னால்
சீமெந்து எட்டாமல் விட்ட ஏழடி மண் எனக்கு.
ஒரு பக்கம் கான்,
மறுபக்கம் கொரேரா வீட்டு மதில்.
சந்தையில் பயிற்றங்காய் விலை கேட்டுத் திரும்பிய அன்று
அது பெரிய காணியாகத் தெரிந்தது.

இரண்டாம் தடவை சாம்பல் தூவினேன்.
மூன்றாம் தடவை மிளகாய்த்தூள்,
அதுவும் இன்றைய விலையில்.
பிறகு மண்ணெண்ணெயில் நனைத்த விதை:
எலி தொடவில்லை,
விதையும் முளைக்கவில்லை.
மண்ணெண்ணெய்க்கு ஆள் பேதம் தெரியாது.

ஆமர் வீதியில் ஹாட்வெயார் கடையொன்றில்தான் பில் போடுகிறேன்.
கம்பிவலை மீற்றர் விலைக்கு
ஆறு மாதம் பயிற்றங்காய் வாங்கிச் சமைக்கலாம்.
நஞ்சு மலிவு.
பெட்டியைத் திருப்பி வாசித்தேன்:
வேலை செய்ய மூன்று நாள் எடுக்குமாம்.
கானுக்குள் கிடந்து மூன்று நாள்.
திரும்பவும் தட்டில் வைத்தேன்,
விலைச்சீட்டு முன்பக்கம் தெரியும்படி.

ஒருநாள் மின்வெட்டில் சந்தித்தோம்.
டோர்ச் வெளிச்சத்தில் காது கிழிந்த பெட்டை,
வயிறு மண்ணில் உரசியது.
நான் வெங்காயம் உரிக்கிறமாதிரி
இரண்டு கையாலும் விதையை உரித்துக்கொண்டிருந்தது.
என்னைப் பார்த்தது.
உரித்து முடித்துவிட்டுத்தான் ஓடியது.

சந்தி முனையில் மோட்டார் சுற்றும் நசூர்தீன் நானா சொன்னார்:
"பழைய ஃபேன் கூடு அஞ்சு ஈக்கி தங்கச்சி, கறள் புடிச்சது.
சல்லி வாணாம். காய்ச்சா ஒரு கறிக்குத் தாங்க."

கவிழ்த்து வைத்தேன்.
கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே என் சுண்டுவிரல் போகாது.
ஒவ்வொன்றின் மேலும் ஒரு செங்கல்.
அன்று இரவு கம்பிகள் அதிர்ந்தன,
நிறுத்தி, சுற்றிவந்து, மறுபடியும்.
உள்ளே இருப்பதற்கு அந்தச் சத்தம் எப்படிக் கேட்கும் என்று
எனக்குத் தெரியும்.
தொண்ணூற்றாறில்
வெள்ளவத்தை லொட்ஜ் அறைக் கதவுக்கு உள்ளே
அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி இருந்தவள் நான்.
எழும்பிப் போய்ப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் மண் வெடித்தது.
முதுகு முதலில், தலை பிறகு,
தலையில் இன்னும் விதைத்தோல்.
பத்தாம் நாள் நுனி கம்பியைத் தொட்டது.
எடுத்துவிடலாம், இன்னும் ஒரு இரவு போகட்டும் என்றேன்.
அடுத்த நாளும் அதையே சொன்னேன்.
எத்தனை இரவு அப்படிச் சொன்னேனோ,
கொடிகள் கம்பிக்குள்ளால் வெளியே வந்து
திரும்பி உள்ளே போய்
மறுபடி வந்திருந்தன.

நானா வந்தார்.
"ஒரு கூட்டத் திருப்பித் தாங்க,
பதினாறு இன்ச் ஃபேன் ஒண்டு வந்தீக்கி."
இரண்டுபேரும் குந்தியிருந்து பார்த்தோம்.
நாற்பது வருஷம் செப்புக் கம்பி சுற்றிய விரல்
ஒரு சுருளைப் பிடித்தது,
இடமாக ஒரு சுற்று, வலமாக ஒரு சுற்று.
பிறகு விட்டுவிட்டது.
"இது நான் சுத்தினதில்ல. அவுக்கேலா."
சாரத்தைத் தட்டிக்கொண்டு போனார்.

முதல் காய் கூட்டுக்கு வெளியே தொங்கியது,
நீளமாக, காவல் இல்லாமல்.
காலையில் பாதி இருந்தது.
கடித்த இடம் ஈரமாக, நேராக, கத்தியால் வெட்டியதுபோல.

மிச்சப் பாதியைக் கொடியிலேயே காயவிட்டேன்.
ஏழு விதை.
பால்மா டின்னில் போட்டு, மூடியை அழுத்தி,
மேலே அந்தச் செங்கல்களில் ஒன்று.

நானாவுக்கு இன்னும் ஒரு கூடு கடன், ஒரு கறி கடன்.
ராத்திரியில் யாரோ
டின்னைத் தட்டிப் பார்க்கிறார்கள்.